காத்தவராயருக்கு ஒரு பிடி

மே 18

பாடசாலை மண்டபத்துக்குக் கூரை மாற்றுகிறார்கள். போதைத் தடுப்பு நிகழ்ச்சியின் கடைசி அங்கத்துக்கு இடமில்லை என்று பிரதேச செயலகக் கூட்டத்தில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்தான் வாயைத் திறந்தேன். "எங்கட ஊர்க் காளிகோயில் மண்டபத்தை எடுக்கலாம் சேர். அங்க பூசை வைக்கிற கட்டாடியார் என்ட அவர்தான்." செயலாளருக்குச் சந்தோஷம். கோயிலென்றால் சனமும் வரும் என்றார். ஜூன் ஏழாந் திகதி, விவாதம். கஞ்சாவைச் சட்டம் அனுமதிக்கலாமா, கூடாதா?

சீட்டுக் குலுக்கியதில் 'கூடாது' எனக்கு. 'அனுமதிக்கலாம்' பக்கத்து மேசை ஹிதாயாவுக்கு. அவள் தலையில் கையை வைத்தாள்.

"படச்சவனே! ஏறாவூர்ல எங்கட வாப்பா கேள்விப்பட்டா என்னை வீட்டுக்குள்ள எடுக்க மாட்டார் கா. சுருட்டு மணத்துக்கே மூஞ்சைச் சுழிக்கிற மனிசன். மகள் மேடையில ஏறிக் கஞ்சாவுக்கு வோட்டுக் கேக்கிறாள் எண்டா?"

மாலையில் வீட்டில் அவரிடம் சொன்னேன். யாரோ ஒருவருடைய படகு எஞ்சினைக் கழற்றி முற்றத்தில் பரப்பி வைத்திருந்தார்.

"கோயிலிலயா?" என்றார்.

"மண்டபத்திலதானே."

"பொலிசும் வருமா?"

"வராம? அவங்கதான் முக்கிய விருந்தாளி."

கையைத் துடைத்துவிட்டு மறுபடி எஞ்சினுக்குக் குனிந்தார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மே 21

வானொலியிலும் அதே கஞ்சாப் பேச்சு. வெளிநாட்டு முதலீட்டாளர்கள் ஏற்றுமதிக்காக மட்டும் வளர்க்கலாமாம். வேலிக்கு வெளியே ஓர் இலையும் வராதாம். குறித்துக்கொண்டேன்.

மே 25

களுவாஞ்சிகுடிப் பக்கத்திலிருந்து ஒரு தாய் வந்திருந்தா. மகனுக்கு இருபத்தொரு வயது. ஐஸ் போதை. முதலில் கஞ்சாதானாம், கூட்டாளிமாரோடு ஆற்றங்கரையில் விளையாட்டுக்கு. இப்போது வீட்டில் கதவுகள் இல்லை, கழற்றி விற்றுவிட்டான். "ராவில சேலையால மறைச்சிப் படுக்கிறன் மகள்" என்றா. அவ போன பிறகு நெடுநேரம் என்னால் வேலை செய்ய முடியவில்லை. சீட்டு சரியான பக்கத்தைத்தான் தந்திருக்கிறது.

இரவு மகள் கம்சாயினி பல்கலைக்கழக விடுதியிலிருந்து போன் எடுத்தாள். அவளுக்கு என் தலைப்பு பெரிய பகிடி. "அம்மா, எத்தனை நாட்டில கடையில வைச்சி விக்கிறாங்க. நீங்க இன்னும் நோட்டீஸ் ஒட்டித் திரியிறீங்க."

நோட்டீஸ் நான் செய்ததுதான். ஏழு விரல் வைத்த பச்சை இலை, மேலே சிவப்பில் குறுக்குக் கோடு.

மே 31

எழுதினால் மனம் அடங்குமா என்று பார்க்கிறேன்.

பனர் கட்ட அளவெடுக்கக் கோயிலுக்குப் போனேன். கூட்டம் வந்தால் கைகழுவ வேண்டுமே, தண்ணிக் குழாய் பின்னால் இருக்கிறதா என்று பார்க்கப் போனேன். காத்தவராயர் பந்தலுக்குப் பின்பக்கம் பெண்கள் போவதில்லை. எனக்கும் தெரியும். ஒருத்தரும் இல்லையே என்று போனேன்.

செவ்வரத்தைப் பூமரம் மூன்று. நடுவில் என் தோள் உயரத்துக்கு ஒரு செடி.

நான் செய்த நோட்டீஸில் இருக்கும் இலை.

சுற்றிவரப் பாத்தி. காலையில் ஊற்றிய ஈரம். சாணம் போட்டிருந்தது. இவ்வளவு ஒழுங்காகப் பாத்தி கட்டுகிற கை எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து அவரை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன். மறைக்கவில்லை. "ஓம், நான்தான். தையில போட்டன்" என்றார், வெண்டிக்காய் விதை போட்டதைச் சொல்வதுபோல.

வருடச் சடங்கில் காத்தவராயர் மடைக்கு என்னென்ன படைப்பார்கள் என்று எனக்குத் தெரியாததல்ல. வெற்றிலையில் ரொட்டி, சுருட்டு, சாராயம், ஒரு பிடி கஞ்சா. மடை முடிந்ததும் அந்தப் பிடி நெருப்புக்குப் போய்விடும். பரியாரியார் இருக்கும்வரை அவரே தந்தார், நாட்டு வைத்திய மருந்துக்கென்று அனுமதி வைத்திருந்தவர். போன வருடம் காலமானார். அவர் கடைசியாகத் தந்த பொதியில் விதை கிடந்ததாம்.

"வாங்கினாலாவது ஒரு பிடி! வளர்த்தா அதுக்கு வேற சட்டம், தெரியுமா உங்களுக்கு?"

"ஆரிட்ட வாங்கச் சொல்றாய்? ஐஸ் விக்கிறவனிட்டயா? ஆர்ட புள்ளைகளுக்காக நீ ஓடித் திரியிறியோ, அந்தப் புள்ளைகளக் கெடுத்தவன்ட கையால வாங்கினதை நான் மடையில வைக்கிறதா? அது துடக்கு, யசோ."

"அப்ப வைக்காம விடுங்களன்!"

"அது நீயும் நானும் முடிவெடுக்கிறதில்ல."

"ஒரு செடியும் செடிதானேப்பா. பிடிச்சா மறியலுக்குள்ள போட்டுடுவாங்க."

"மடை அண்டைக்குத்தான் பிடுங்கலாம். அதுக்கு முன்னம் கத்தி வைக்க ஒண்ணா. மடை முடிஞ்சா மறுகா ஓர் இலை மிஞ்சாது."

விவாதம் ஏழாந் திகதி. மடை பதினாறு. பொலிஸை அந்த முற்றத்துக்குக் கூப்பிட்டது நான்.

அசுத்தமான கையால் வாங்கக்கூடாதென்று அதைவிடப் பெரிய குற்றத்தைச் செய்து வைத்திருக்கிறார். இதை யாரிடம் சொன்னால் நம்புவார்கள்? எந்த நீதவான்?

ஜூன் 2

இடத்தை மாற்றலாமா என்று செயலாளரிடம் கேட்டேன். "ஏன் மிஸ், கட்டாடியார் வேணாம் எண்டுட்டாரா?" என்று சிரித்தார். பனர் அச்சாகிவிட்டது. அழைப்பிதழும் போய்விட்டது.

ஆரையம்பதியில் வீதித் தடை. நாயோடு நின்றார்கள். ஒரு ஓட்டோக்காரனை இறக்கிப் போட்டிருந்த சேட்டைக் கழற்றச் சொல்லியிருந்தார்கள். என் பைக்குள் சோற்றுப் பாசலும் குடையும்தான். இருந்தாலும் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். நாய்க்குப் பயத்தின் மணமும் தெரியுமாமே.

ஜூன் 4

போதைத் தடுப்புப் பிரிவுச் சார்ஜன் வாகனம் விட இடம் பார்க்க வந்தார். சிங்களவர், நல்ல தமிழ். மரியாதையான மனிதர். அதுதான் இன்னும் பயம்.

மண்டபம், கிணறு, வாசல் எல்லாம் பார்த்துவிட்டுக் கையை நீட்டினார். "அந்தப் பந்தலுக்குப் பின்னுக்கு என்ன மிஸ்?"

"அது... சாமி இடம் சேர். பொம்பிளையள் போறதில்ல."

"நான் பொம்பிள இல்லத்தானே?" சிரித்தார். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். அப்போது அவருடைய போன் அடித்தது. பேசிக்கொண்டே வாகனத்துக்குப் போய்விட்டார்.

சோறு அடிப்பிடித்துவிட்டது. இரண்டாவது நாள்.

ஜூன் 5

நித்திரை இல்லை. மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டால் எழும்பி ஜன்னலால் பார்க்கிறேன். இவர் என்னடாவென்றால் குறட்டை விடுகிறார்.

ஜூன் 6

செய்துவிட்டேன்.

அவர் தேற்றாத்தீவுக்குப் போய்விட்டார், யாருடைய எஞ்சினோ தண்ணீர் குடித்துவிட்டதாம். இரவு அக்கா வீட்டில் தங்கி நாளை நேரே மண்டபத்துக்கு வருகிறேன் என்றார். சாப்பிட்டு ஊரே படுத்துக்கிடக்கும் வெயில். பனர் கொண்டுவந்த நீளப் பையை எடுத்துக்கொண்டு போனேன்.

கும்பிட்டேனா? ஞாபகமில்லை. அடியில் பிடித்து இழுத்தேன், வரவில்லை. வேர் அவ்வளவு ஓடியிருந்தது. முழங்காலில் நின்று கையால் மண்ணைக் கிளறினேன். ஒரு கல்லால் சுற்றி இடித்தேன். வந்தபோது பின்னால் விழுந்தேன். அந்த மணம் — கை, முகம், சேலை எல்லாம். பட்டதாரி, உத்தியோகத்தர், பதின்மூன்று பாடசாலைகளில் இதைப் பற்றிப் பேசியவள். காத்தவராயருக்குப் பின்னால் மண்ணில் இருந்துகொண்டு செடியைப் பைக்குள் மடக்கி மடக்கித் திணித்தேன்.

பிரதான வீதிக்கு ஏறாமல் ஆற்றங்கரை ஒழுங்கையால் ஸ்கூட்டியை விட்டேன். வளைவில் புஸ்பம் அக்கா. எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி. ஆடு தேடி வந்திருக்கிறா.

"என்னகா இந்த வெயிலுக்குள்ள? பைக்குள்ள பூச்செடியா? எனக்கும் ஒரு கொப்புத் தாவன்."

"குப்பையக்கா. கோயில் துப்பரவாக்கினது."

"நீயா? உன்னை வேலைக்கு வைச்சிரிக்கிற ஆக்கள் நல்லா இரிக்கோணும்" என்று சிரித்தா. போகிறேன் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே மகளின் பிரசவத்தைப் பற்றி முழுக்கதையும் சொன்னா. பையின் வாயால் ஒரு இலை வெளியே தெரிந்தது. நான் அதன்மேல் கையை வைத்துக்கொண்டே ஓம், ஓம் என்றேன்.

ஆற்றோரக் கண்டல் மர வேர்களுக்குள் இறங்கிச் சேற்றுக்குள் அமுக்கினேன். மேலே கல் வைத்தேன். தண்ணீர் கலங்கித் தெளியும்வரை நின்றேன்.

வீட்டுக்கு வந்து மூன்று தரம் குளித்தேன்.

ஜூன் 7

சனம் நிறைய. சார்ஜனும் இன்னும் நாலு பேரும் முன்வரிசையில்.

ஹிதாயா நன்றாகவே பேசினாள். இத்தனை வருடத் தடையில் எங்கள் வீதிகளில் எது குறைந்தது என்று கேட்டாள். கடலால் மூட்டையாக இறக்குகிறவன் வெளியே, ஒரு சுருட்டோடு பிடிபட்ட பொடியன் உள்ளே. அவன் உள்ளே போய் ஐஸ் பழகிக்கொண்டு வருகிறான் என்றாள். கைதட்டல். பொலிஸில் ஒருவரும் தட்டினார்.

நான் சாராயத்தைப் பற்றிப் பேசினேன். அதற்குச் சட்டத்தின் அனுமதி இருக்கிறது. அந்த அனுமதி வீட்டுக்குள் என்ன கொண்டுவந்தது என்று இங்கிருக்கிற பெண்களைக் கேளுங்கள் என்றேன். பெண்கள் பக்கம் ஒருத்தி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டா. கதவில்லாத வீட்டைப் பற்றியும் சொன்னேன், ஊர்பேர் இல்லாமல். நான் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் நம்பித்தான் சொன்னேன். முதல்நாள் பிடுங்கிய மண் நகத்துக்குள் இருந்தது.

கேள்வி நேரத்தில் கோயில் தலைவர் அழகரத்தினம் ஐயா எழும்பினார். "மகள், வெளிநாட்டுக்காரன் ஏக்கர் கணக்கில வளர்த்தா அந்நியச் செலாவணி. காத்தவராயருக்கு ஒரு பிடி வைச்சா மறியல். இது என்ன ஞாயம்?"

மண்டபம் சிரித்தது. சார்ஜனும் சிரித்தார்.

"சட்டத்துக்குச் சாமியையும் தெரியாது, வெளிநாட்டுக்காரனையும் தெரியாது ஐயா. அனுமதிப்பத்திரத்தைத்தான் தெரியும்" என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

தேற்றாத்தீவிலிருந்து வந்த இவர் கடைசி வரிசையில் இருந்தார். நான் அதைச் சொன்னபோது எழுந்து பந்தல் பக்கம் போவதைக் கண்டேன். பிறகு திரும்பி வந்து அதே கதிரையில் இருந்தார். தூரம். முகம் சரியாகத் தெரியவில்லை.

வெளியே வரும்போது ஹிதாயா காதுக்குள் கேட்டாள். "உண்மையைச் சொல்லு. உன்ட மனசில நீ எந்தப் பக்கம்?"

"எனக்குப் பயம் ஹிதாயா. அவ்வளவுதான்."

"என்னத்துக்குப் பயம்? விவாதத்தில நீதானே வெண்டனி" என்றாள்.

ஜூன் 8

அவர் ஒன்றும் கேட்கவில்லை. தேத்தண்ணி குடித்தார். எஞ்சின் வேலைக்குப் போனார்.

ஜூன் 10

இன்னும் கேட்கவில்லை. பிடுங்கியது பொலிஸ் என்று நினைக்கிறாரா? களவு போனது என்றா? நான் சொல்லவேண்டும். சாப்பாட்டுக்கு இருந்தபோது வாயைத் திறந்தேன். "மீன் உப்பா?" என்று கேட்டேன்.

இப்போது பயம் வேறு பக்கத்திலிருந்து வருகிறது. கம்சாயினி மத்தியானம் போனை எடுக்கவில்லை. விரிவுரையில் இருந்திருப்பாள், எனக்குத் தெரியும். ஆனால் பதினைந்து தரம் அழைத்தேன். அந்த இடத்துக்குப் போகக்கூடாதவள் போனேன். மடைக்கு நேர்ந்ததை வேரோடு பிடுங்கினேன். நான் இதையெல்லாம் நம்புகிறவளா? நம்பாதவளென்றால் ஏன் பதினைந்து தரம் அழைத்தேன்?

ஜூன் 12

சடங்குக்குக் கோயில் கதவு திறந்தாயிற்று. அவருக்குக் காப்புக் கட்டினார்கள். இனிக் கடைசி நாள்வரை கோயில்தான். வீட்டுக்கு வரமாட்டார், வெளிச்சோறு இல்லை, காப்போடு வாயில் பொய் வரக்கூடாது. மஞ்சள் துணியோடு மெலிந்த உடம்போடு நின்றார். பெண்களோடு நின்று பார்த்தேன். என் பக்கம் திரும்பவில்லை.

ஜூன் 14

பொலிசுக்குப் பெட்டிசம் போயிருக்கிறது. பேரில்லாத பெட்டிசம். கோயிலுக்குள் செடி நிற்கிறதாம்.

காலைப் பூசை முடிந்து சனம் கலையாத நேரம். சார்ஜன் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். நேரே பந்தலுக்குப் பின்னால் போனார்கள். செவ்வரத்தைகளுக்கு நடுவில் ஒரு பள்ளம். அதை மூடவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை! அவரும் மூடவில்லை!

என்னைக் கண்டதும் சார்ஜனுக்குச் சங்கடம். "மிஸ், எனக்கு வேற வழி இல்ல" என்றார். பிறகு காப்போடு நின்ற அவரிடம் கேட்டார். எல்லோருக்கும் கேட்டது.

"இங்க கஞ்சாச் செடி இருந்ததா?"

இல்லையென்று சொல்லுங்கோ. சொல்லுங்கோ. இல்லாததைத்தானே இல்லையென்று சொல்லப்போறீங்க —

"இருந்தது."

யாரோ ஒரு பெண் "ஐயோ" என்றா. நானாகவும் இருக்கலாம்.

"யார் வைச்சது?"

"நான்."

"இப்ப எங்க?"

"பிடுங்கியாச்சு."

"யார் பிடுங்கினது?"

அப்போதுதான் என்னைப் பார்த்தார். எட்டு நாளில் முதல் தடவை. கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். வெயிலில் நிற்கிறாளே, நிழலுக்குள் வந்து நிற்கலாமே என்பது மாதிரிப் பார்த்தார்.

"நான்தான். ஆத்தில போட்டன்."

ஆற்றில் போட்டதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

ஜீப்பில் ஏற்றினார்கள். காப்போடு, சேட்டில்லாமல். அழகரத்தினம் ஐயா தன் சால்வையைக் கழற்றி அவர் தோளில் போட்டார்.

பொலிஸ் நிலையத்துக்கு முன்னால் பின்னேரம்வரை நின்றேன். ஹிதாயா வந்தாள். சோடாவை வாங்கிக் கையில் தந்து "குடி" என்றாள். எனக்கு என்ன பயமென்று அவளுக்கு விளங்கிவிட்டது. கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நாலரைக்கு விட்டார்கள். சார்ஜன் வாசல்வரை வந்தார். "வாக்குமூலம் எடுத்தாச்சு மிஸ். செடி இல்ல, பள்ளம்தான் இருக்கு. பள்ளத்தைத் தூக்கிக்கொண்டு நான் கோட்டுக்குப் போக ஏலாது. அது நின்றிருந்தா இண்டைக்கு இவர் வீட்டுக்கு வரமாட்டார்."

என்னைப் பார்த்துத்தான் சொன்னாரா? தெரியவில்லை.

ஓட்டோவில் வரும்போது கேட்டேன். "எப்ப தெரியும் உங்களுக்கு?" றோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். புஸ்பம் அக்கா சொன்னாவா? பெட்டிசம் அவவா? அதையும் கேட்டேன். "அத விடு" என்றார்.

வீட்டு வாசலில் இறங்கவில்லை. கோயிலுக்கு விடச் சொன்னார். கிணற்றில் குளித்தார். ஈரத்தோடு காளியம்மன் வாசலில் நின்று காப்பைத் தன் கையாலேயே அவிழ்த்தார். தலைவரும் மற்றவர்களும் ஓடி வந்தார்கள். கோயில் திறப்புக்கொத்தையும் காப்பையும் அக்கா மகன் றதீஸின் கையில் கொடுத்தார். கூடவே நின்று பூசை பழகிய பையன், அவன் அழுதுவிட்டான்.

"என்ன வேலை பாக்கிறீங்க கட்டாடியார்?" அழகரத்தினம் ஐயாவின் குரல் உடைந்தது. "சடங்கு நடுவில இப்பிடி அவிழ்க்கலாமா?"

"காப்போட பொய் சொல்லிட்டன் ஐயா."

"என்ன பொய்? உள்ளதைத்தானே சொன்னீங்க? வைச்சன் எண்டும் ஒத்துக்கொண்டீங்களே?"

"அதக் கேக்காதீங்க."

ஊர் முழுக்க இப்போது அதுதான் பேச்சு. கட்டாடியார் என்ன பொய் சொன்னார்?

ஜூன் 15

ஹிதாயா போன் எடுத்தாள். "மறியலுக்குப் போகல்லத்தானே. அல்லாஹ் காப்பாத்திட்டான். அதைப் பிடிச்சிக்கொள்." ஓம் என்றேன். அது உண்மைதான். நான் பயந்தது நடக்கவில்லை.

பின்னேரம் அழகரத்தினம் ஐயா வந்தார். அடுத்த வருடத்துக்குக் கோயிலின் பேரில் முறையாக அனுமதி கேட்டு எழுதலாமா என்றார். "மேடையில நீ சொன்னதுதானே மகள், சட்டத்துக்கு அனுமதிப்பத்திரத்தைத்தான் தெரியும் எண்டு. நீதான் எழுதத் தெரிஞ்சவள்." எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். இவர் முற்றத்தில் ஒரு எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

ஜூன் 16

இன்று மடை.

பின்னேரமே மேளம் தொடங்கிவிட்டது. போவோமா என்று கேட்டேன். "நீ போ" என்றார். நானும் போகவில்லை. றதீஸ் வெற்றிலையை விரித்திருப்பான். ரொட்டி, சுருட்டு, சாராயம். அந்த ஒரு பிடி இருந்த இடத்தில் என்ன வைப்பதென்று யாரிடம் கேட்டிருப்பான்?

குளித்து வந்து பலகையில் இருந்தார். மணிக்கட்டில் காப்பு இருந்த இடம் மட்டும் வெளிறிக்கிடந்தது. உடுக்குச் சத்தம் வேகமானபோது அவருடைய விரல்கள் தொடையில் அசைந்தன, பிறகு நின்றன.

கலியாணம் முடித்து இத்தனை வருடத்தில் சடங்கு நாளொன்றில் அவருக்கு நான் சோறு போட்டதில்லை. இன்று போட்டேன். குனிந்தபடி சாப்பிட்டார். கோயிலில் குரவை கேட்டது. மடைக்கு நெருப்பு வைத்திருப்பார்கள்.

"சொதி இன்னும் கொஞ்சம் விடு" என்றார்.

விட்டேன்.